சோழி வைத்துக் கணித்த கிரகணம்

2025 மார்ச் மாதம். மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் எங்கே நின்றாலும் சனிப்பெயர்ச்சிப் பேச்சுத்தான். இரண்டாவது மாடியில் இருக்கும் திருநெல்வேலி ஆச்சி ஒருநாள் கையில் இரண்டு பஞ்சாங்கங்களோடு வந்து உட்கார்ந்தார். முடியப்போகும் குரோதி வருஷத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று. போன வருஷம் மாட்டுங்கா ரயில் நிலையத்துப் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் வாங்கியது. தாராவியில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து வந்த விசுவாவசு வருஷத்துப் பாம்பு பஞ்சாங்கம் என்ற வாக்கியப் பஞ்சாங்கம் மற்றொன்று. முதலாவதில் சனி மீனத்துக்குப் போவது 2025 மார்ச் 29. இரண்டாவதில் 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயிலும் தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்துவிட்டது.

"ஏம்ப்பா, சனி ஒருத்தருதான? வீடு மாறுததுக்கு ரெண்டு தேதி எப்படி வரும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப்போய்த்தான் 200 ஆண்டுகளுக்கு முன்பு புதுச்சேரியில் தரையில் சோழி பரப்பி உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். அவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று அன்றிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆச்சிக்கு அன்று சொன்ன பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருக்கணிதம் என்பது 'திருக்' கணிதம்; கண்ணால் வானத்தில் பார்க்கும் நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட்ட கணக்கு. வாக்கியம் பல நூறு ஆண்டுகளுக்கு முன் மனப்பாட வாக்கியங்களாகக் கட்டி வைத்த கணக்கு. அந்த வாக்கியங்கள் கட்டப்பட்ட காலத்தில் கிரகங்களுக்குக் கொடுத்த வேகத்தில் மிகச் சிறிய பிசகு இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அது சேர்ந்துகொண்டே வந்தது. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் மந்த கிரகம். அங்கே சேர்ந்த பிசகு இன்று 342 நாளாக வந்து நிற்கிறது. தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் வானம் திருக்கணிதத்தின் பக்கம்தான். கோயில் எந்த நாளில் விழா எடுப்பது என்பது மரபின் பாற்பட்டது. அதில் நான் தலையிடவில்லை.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் வாக்கியம் என்பது ஏதோ பழைய தவறு என்று ஆகிவிடும். அது பெரிய அநியாயம். ஏனென்றால் சனியில் தடுமாறும் அதே வாக்கியம், நிலவில் காட்டும் துல்லியம் மூச்சடைக்க வைப்பது.

1825இல் சென்னையில் கல்லூரி அச்சகத்தில் ஒரு கனத்த ஆங்கிலப் புத்தகம் அச்சானது. பெயர் 'காலசங்கலிதம்'. தென்னிந்திய மக்கள் காலத்தை எப்படியெல்லாம் பகுக்கிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு. எழுதியவர் ஜான் வாரன். இத்தாலியின் லிவோர்னோவில் 1769இல் பிறந்தவர், பிரெஞ்சுப் பிரபு குடும்பம், ஐரிஷ் வம்சாவளி. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இந்தியாவில் இங்கிலாந்தின் படையில் பணியாற்றியவர். வில்லியம் லாம்டனோடு மைசூர் நில அளவையில் வேலை செய்தார். 1802இல் கோலார் பக்கம் மண்ணில் பொன் அலசும் கிராமத்தாரைப் பார்த்து அறிக்கை எழுதியவரும் இவரே. தமிழர்கள் பல தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயல் பற்றிய நவீன ஆவணங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வு நிலையத்தில் பொறுப்பு வானியலாளர். கடைசிக் காலம் புதுச்சேரியில். 1830இல் அங்கேயே இறந்தார்.

சென்னை நிலையத்தைப் பற்றி ஒரு விஷயம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அதைக் கட்டியபோது கருவிகளைத் தாங்க ஒரு கருங்கல் தூண் நிறுத்தினார்கள். ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக ஊன்றப்பட்டது பிரிட்டிஷாரின் தயாளத்தால்தான் என்றும், ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்கள் இதை அறியட்டும் என்றும் அந்தத் தூணில் பொறித்தார்கள். தமிழிலும் பொறித்தார்கள். அந்தத் தூணின் நிழலில் ஆறு ஆண்டு வேலை பார்த்த வாரன்தான், பிறகு புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் முன்னால் மாணவனைப் போல உட்கார்ந்தார்.

1825 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை நீண்ட சந்திர கிரகணம். அது எப்போது பிடிக்கும், எப்போது உச்சம், எப்போது விடும் என்று அந்தப் பஞ்சாங்கக்காரர் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். கையில் ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் சோழிகளை வைத்தார், நகர்த்தினார், எடுத்தார். வேண்டிய எண்கள் எல்லாம் சொற்களாக அவர் நினைவில் இருந்தன. முடிவில் வந்த கணக்கு, தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகியது. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். வாரன் இதை மறைக்காமல், ஏளனமும் செய்யாமல் பதிவு செய்தார். வானியல் கோட்பாட்டில் இவருக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் நினைவாற்றல் அபாரம், மனத்திலும் தரையிலும் கணக்கை அவ்வளவு தெளிவாக அடுக்கிவைக்கிறார் என்ற பொருளில் எழுதினார்.

சொற்களில் எண்ணா என்று கேட்பவர்களுக்கு, மும்பைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்லலாம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு மேளகர்த்தா ராகப் பெயர்களின் சூட்சுமம் தெரியும். 'மாயாமாளவகௌளை' என்றால் மா 5, யா 1. திருப்பிப் படித்தால் 15ஆவது மேளம். 'தீரசங்கராபரணம்' தீ 9, ர 2, திருப்பினால் 29. கடபயாதி என்ற இந்த முறையில் ஒவ்வொரு மெய்யும் ஓர் இலக்கம். இலக்கங்களை வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். பாட்டு ஆசிரியர் கற்றுக்கொடுத்த அதே முறையில்தான் நிலவின் கணக்கும் கட்டப்பட்டிருக்கிறது.

நிலவு வானத்தில் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது, விலகும்போது தளர்கிறது. ஒருமுறை மிக அருகில் வந்து, விலகி, மறுபடி மிக அருகில் வர 27 நாளும் சுமார் 13 மணி 18 நிமிடமும் ஆகும். இந்த உதிரி மணிகள்தான் கணக்குப் போடுபவரின் தலைவலி. ஆனால் அப்படி 9 சுற்றுகளைச் சேர்த்துப் பாருங்கள்: 248 நாளுக்கு 13 நிமிடம்தான் குறைவு. அதாவது 248 நாளுக்கு ஒருமுறை நிலவின் விரைவும் தளர்வும் அப்படியே திரும்ப வருகின்றன. எனவே 248 வாக்கியங்கள் போதும். முதல் நாள் நிலவு எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதற்கு முதல் வாக்கியம், இரண்டாம் நாளுக்கு இரண்டாவது, இப்படியே 248 வரை. வரருசி வாக்கியங்கள் என்று மரபு இவற்றைச் சொல்கிறது. ஒவ்வொன்றும் பொருள் தரும் சிறு தொடர். கடபயாதி தெரிந்தவர் காதில் அது ராசி, பாகை, கலை.

அந்த 13 நிமிடப் பிசகை என்ன செய்வது? அதற்கும் வழி வைத்தார்கள். 110 சுற்றுகளைச் சேர்த்தால் 3031 நாள். எட்டேகால் ஆண்டுக்கு மேல் ஓடிய பிறகும் பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு! நான்கு 3031ஐயும் ஒரு 248ஐயும் கூட்டினால் 12372. கணிப்பவர் செய்வது இதுதான்: ஒரு பழைய தொடக்க நாளிலிருந்து இன்றுவரை கடந்த நாள்களை எடுத்துக்கொள்வார். 12372ஆல் வகுப்பார், மீதியை 3031ஆல் வகுப்பார், அதன் மீதியை 248ஆல் வகுப்பார். கடைசியில் நிற்கும் எண் எத்தனையாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று காட்டும். ஒவ்வொரு வகுத்தலின் ஈவுக்கும் ஏற்ப நிலவின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். சோழிகள் இந்த ஈவுகளையும் மீதிகளையும் தரையில் பிடித்து வைக்கின்றன. மூன்று பெரிய எண்களும் சொற்களாகவே வழங்கின: தேவரம், காலாநலம், ரஸகைரிகம். தேவரம் என்றால் தே 8, வ 4, ர 2; திருப்பினால் 248. மற்ற இரண்டையும் வாசகர்கள் போட்டுப் பார்க்கலாம்.

இதைத்தான் வாரன் கோட்பாடு தெரியாதவரின் நினைவாற்றல் என்றார். வாரன்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க முடியவில்லை. அதே 1825இல்தான் பாரிஸில் லாப்லாஸ் தன் 'வான இயக்கவியல்' நூலின் ஐந்தாம் தொகுதியை வெளியிட்டு முடித்தார். நிலவின் கோட்பாடு அங்கே இருந்தது, உண்மை. ஆனால் கப்பல்காரர்கள் கையில் இருந்த இங்கிலாந்தின் கடல் பஞ்சாங்கத்தில் நிலவின் இடங்களைக் கணித்தவர்கள் லாப்லாஸ்கள் அல்லர். 1767ஆம் ஆண்டுக்கான இதழ் தொட்டு அந்த நூலுக்காகக் கணக்குப் போட்டவர்கள் இங்கிலாந்தின் ஊர்களில் வீட்டில் உட்கார்ந்தபடி, படிப்படியாக எழுதித் தந்த விதிகளைப் பார்த்து அட்டவணைகளைக் கூட்டிக் கழித்த சாதாரண மனிதர்கள். அவர்கள் கோட்பாடு தெரியாதவர்கள் என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. விதியை வகுப்பவர் ஒருவர், விதிப்படி பிழையின்றிக் கணிப்பவர் இன்னொருவர் என்ற வேலைப் பிரிவு லண்டனிலும் இருந்தது, புதுச்சேரியிலும் இருந்தது. புதுச்சேரிக்காரர் விதியையும் அட்டவணையையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

வாரனுக்கு அரை நூற்றாண்டு முன்னால் இதே புதுச்சேரியில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதே கலையைப் பார்த்து வியந்திருக்கிறார். வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியைப் பார்க்க வந்து, 1761இல் கடலில் மாட்டிக்கொண்டு தவறவிட்டு, எட்டு ஆண்டு காத்திருந்து 1769இல் மேகத்தால் மறுபடியும் தவறவிட்ட லெ ஜான்டில்தான் அவர். காத்திருந்த காலத்தில் தமிழர்களின் கணித முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது என்றும், ஐரோப்பாவின் அன்றைய சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி கூடியது என்றும் ஒப்பிட்டு எழுதினார். அந்த ஒரு கிரகணத்தை வைத்து நாம் மேயரை வென்றோம் என்று கொடி பிடிப்பது சரியில்லை. 1825இன் 52 நிமிடமும் நம்முடையதுதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கலையின் உண்மையான உயரம் தெரியும்.

'காலசங்கலிதம்' வெளிவந்து 127 ஆண்டு கழித்து, 1952இல், ஓட்டோ நொய்கபவர் என்ற பெரும் அறிஞர் அதை மறுபடி கையில் எடுத்தார். பாபிலோனியக் களிமண் பலகைகளின் வானியலைப் படித்துத் தந்தவர் அவர். வாரனின் பஞ்சாங்கக்காரர் சொன்ன 248ஐப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முந்தைய மெசபடோமியப் பலகைகளில் நிலவுக்கு அதே 248 நாள், 9 சுற்று. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் 248உம் 3031உம். அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'தமிழ் வானியல்'. பாபிலோனில் களிமண்ணில் குத்திய எண், கிரேக்கர் கைவழி வந்து, வராகமிகிரர் காலத்து இந்தியாவைக் கடந்து, 19ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் சோழிகளில் உயிரோடு இருந்தது. உலகின் வேறெங்கும் அறுந்துபோன இழை நம் ஊரில் அறாமல் இருந்தது. இதைக் கேட்டு, அப்படியானால் கடன் வாங்கியதுதானே என்று முகம் வாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. வாங்கியதை 12372 என்று நீட்டி, கடபயாதியில் கட்டி, 248 தொடராக்கி, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் சொல்லும்படி ஆக்கியது இங்கே நடந்தது. அந்த முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' 1300ஐ ஒட்டி எழுந்த நூல். அதை 1962இல் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சென்னையிலிருந்து பதிப்பித்தார்கள். 

சோழிக்காரரின் கலை வெளியுலகுக்குத் தெரிந்தது வாரன் அதை அச்சேற்றியதால்தான். அவர் நாளில் ஒரு கண்டுபிடிப்பு யாருடையது என்பதை முடிவு செய்தது அச்சு. வாரனின் நூலிலேயே இதற்கு இன்னொரு சாட்சி கிடக்கிறது. கேரளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்த சார்லஸ் விஷ், வட்டத்தின் சுற்றளவுக்கான முடிவிலாத் தொடர்களை அங்கே கண்டிருந்தார். ஐரோப்பாவில் கிரிகரி, லைப்னிட்ஸ் பெயரில் 17ஆம் நூற்றாண்டில் வந்தவை அவை. ஜார்ஜ் ஹைன் என்ற அறிஞர், இவற்றை அண்மையில் ஏதோ ஓர் ஐரோப்பியர்தான் உள்ளூர்ப் பண்டிதர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். வாரன் அதைத் தன் நூலில் சேர்த்தார். விஷ் விடவில்லை. தந்திரசங்கிரகம், யுக்திபாஷா, கரணபத்ததி, சத்ரத்னமாலா ஆகிய நான்கு நூல்களைச் சான்று காட்டிக் கட்டுரை எழுதினார். 1833இல் கடப்பையில் இறந்துபோனார். கட்டுரை 1834இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் தொகுதியில் அச்சேறியது. நூறு ஆண்டுக்கும் மேல் கணித உலகம் அதைப் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதை மறுபடி கிளப்பிய கட்டுரைகளில் ஒன்று எங்கள் ஊரில் அச்சானது என்பதில் எனக்கு ஒரு பெருமை. கே. முகுந்த மாரார், சி.டி. ராஜகோபால் இருவரும் 1944இல் எழுதிய அந்தக் கட்டுரை, ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் பம்பாய்க் கிளை இதழில் வந்தது. கோட்டைப் பகுதியில் டவுன் ஹாலின் அகன்ற படிகளில் ஏறிப்போனால் இருக்கிறதே, அந்த நூலகத்தின் சங்கம். 1804இல் ஜேம்ஸ் மெக்கின்டாஷ் தொடங்கிய பம்பாய் இலக்கியச் சங்கத்தின் வாரிசு. அந்தச் சங்கம் தன் முதல் தொகுதியை 1819இல் வெளியிட்டது. அதே 1819ஐ ஒட்டித்தான் கடத்தநாட்டுச் சங்கரவர்மர் 'சத்ரத்னமாலா'வை எழுதினார். ஒன்று அச்சில், மற்றது ஓலையில்.

அச்சு என்ற இந்த வாசலில் இந்தியர் நுழைந்த கதையில் பம்பாய்க்குத் தனி இடம் உண்டு. கொலாபாவில் கம்பெனி வானாய்வு நிலையம் கட்டியது 1826இல். மழைக்காலம் வந்தால் கொலாபாவில் இத்தனை மில்லிமீட்டர், சாந்தாகுரூஸில் இத்தனை என்று செய்தியில் கேட்கிறோமே, அந்தக் கொலாபா. கப்பல்களுக்கு நேரம் சொல்லத்தான் தொடங்கினார்கள். 1841இல் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிப் பேராசிரியர் ஆர்தர் பெட்ஃபோர்ட் ஓர்லெபார் புவிகாந்த அளவுகளைத் தொடங்கினார். 1832இல் 'தர்ப்பண்' பத்திரிகையைத் தொடங்கிய பாலசாஸ்திரி ஜாம்பேகர் பிறகு இந்த நிலையத்தின் பொறுப்பிலும் இருந்தார். அந்தக் காலத்தை ஒட்டித்தான் கண்பத் கிருஷ்ணாஜி பம்பாயில் முதல் மராத்திப் பஞ்சாங்கத்தைக் கல்லச்சில் அடித்தார். கொலாபாவில் உதவியாளராகச் சேர்ந்த கேரோ லட்சுமண் சத்ரே, 1860இல் கிரகக் கணித அட்டவணைகளை மராத்தியில் வெளியிட்டு, பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப்போகும்படி திருத்தும் வேலையில் இறங்கினார். தமிழ்நாட்டுப் பக்கம் அந்த வேலையைச் செய்தவர் சென்னை வானாய்வு நிலையத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகக் கடைசிவரை வாதாடியவர். ஆச்சியின் கையில் இருந்த முதல் பஞ்சாங்கம் இவர்களது உழைப்பின் வழியில் வந்தது. இரண்டாவது, சோழிக்காரரின் வழியில் வந்தது. ஒன்றைப் பொய், மற்றொன்றை மெய் என்று பிரிப்பதைவிட, ஒரே கணக்கின் இரண்டு வயது என்று பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவையும் ஆச்சியிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். சனியை விட்டுவிட்டு அவர் சோழிக்காரரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள், எத்தனை வயதில் மனப்பாடம் செய்திருப்பார், வெள்ளைக்காரர் காசு கொடுத்தாரா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "பேரு போட்டிருக்காரா, இல்ல சும்மா ஒரு பஞ்சாங்கக்காரருன்னு விட்டுட்டாரா?" என்றார்.

போட்டிருக்கிறார். அக்காலத்துக்கு அதுவே அபூர்வம். கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வாரன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற எழுத்துக்கூட்டலை அப்படியே படித்துக் காட்டினேன்: 'சாமி நாடன் சஷியா'.

ஆச்சி இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"சாமிநாத சேஷய்யாவா இருக்கும்ப்பா," என்றார்.